காலை ஏழுக்கு மார்கழி, மத்தியானம் மூன்றுக்குச் சித்திரை

சிங்கப்பூருக்கு டிக்கெட் போட்ட கையோடு சித்தப்பாவோ மாமாவோ வாட்ஸ்அப்பில் கேட்பது ஒன்றுதான்: "அங்க இப்ப என்ன சீசன்?" "இங்க சீசனே கிடையாது சித்தப்பா" என்றால் நம்ப மாட்டார்கள். ஏதோ மறைக்கிறோம் என்று நினைப்பார்கள்.

1991 முதல் 2020 வரையிலான சராசரியில், ஆகக் குளிரான டிசம்பர், ஜனவரி 26.8 டிகிரி. ஆகச் சூடான மே 28.6. வருஷம் முழுக்க அலைந்தாலும் வித்தியாசம் 2 டிகிரிகூடத் தேறாது. ஆனால் ஒரே நாளில் பாருங்கள், விடியற்காலை 24, 25 என்று இருப்பது மத்தியானம் 31, 32க்கு ஏறிவிடும். ஆக, இங்கே மாதத்தைக் கேட்டுப் பிரயோஜனமில்லை. மணியைக் கேட்க வேண்டும்.

அந்த மணியிலும் ஒரு வில்லங்கம். 1982 ஜனவரி 1 அன்று கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னே தள்ளி வைத்தார்கள். சூரியனுக்கு அந்தச் சுற்றறிக்கை போய்ச் சேரவில்லை. அது இன்றும் ஒரு மணி வாக்கில்தான் உச்சிக்கு வருகிறது. "பன்னிரண்டு மணி வெயில் தாழட்டும்" என்று காத்திருந்து இரண்டு மணிக்குத் தேக்காவுக்கு (லிட்டில் இந்தியாவுக்கு) கிளம்புகிறவர், சரியாக அடுப்பைப் பற்றவைத்த நேரத்தில் உள்ளே போகிறார். இரண்டிலிருந்து நான்குவரை அஞ்சடியை, அதாவது கடைகளின் முன்னால் கூரைபோட்ட நடைபாதையை, விட்டு இறங்காமல் நடப்பதே புத்திசாலித்தனம்.

இங்கே இதுவரை பதிவான ஆக அதிக வெப்பம் 37.0. 1983 ஏப்ரலில் தெங்காவில் ஒருமுறை, 2023 மே 13ஆம் தேதி அங் மோ கியோவில் மறுமுறை. சென்னைக்காரர்கள் இதைக் கேட்டுச் சிரிப்பார்கள். மே மாதத்தில் அவர்களுக்கு அது சாதாரண செவ்வாய்க்கிழமை. சுற்றிலும் கடல், மத்தியானமானால் மேகம், இடி, மழை. 40ஐ இங்கே இதுவரை தொட்டதில்லை. ஆனால் பேருந்து நிறுத்தம்வரை நடந்ததும் சிரிப்பு நின்றுவிடும். விடியலில் காற்றின் ஈரப்பதம் 90 விழுக்காட்டைத் தாண்டும், நல்ல வெயிலிலும் 60க்குக் கீழே அவ்வளவாக இறங்காது. வியர்வை வரும், காயாது. அதனால் வெப்பமானியை நம்பி ஓடப் போகாதீர்கள். ஈரம், வெயில், காற்று எல்லாம் சேர்த்துப் போடும் வெப்ப அழுத்தக் கணக்கு 2023 முதல் அரசாங்கத்தின் மைஎன்வி (myENV) செயலியில் வருகிறது. அதில் 31க்குக் கீழே என்றால் ஓடலாம், 33ஐத் தொட்டால் வீட்டிலேயே இருக்கலாம்.

உண்மையில் மாதம் தெரிய வேண்டுமானால் வீவக (அரசாங்க அடுக்குமாடி) வீட்டுச் சமையலறை ஜன்னலுக்கு வெளியே நீட்டியிருக்கும் மூங்கில் கம்பைப் பார்க்க வேண்டும். பிப்ரவரியில் வடகிழக்குக் காற்று வறண்டு வீசும். ஜீன்ஸின் இடுப்புப் பட்டைகூட ஒரே பகலில் காய்ந்துவிடும். ஏப்ரல், மே மாதங்களில் காற்றே இராது. காலையில் போட்டதை மூன்று மணி இடிக்கு முன் உள்ளே இழுக்க வேண்டும். அடுத்து வருவதுதான் மோசம். தென்மேற்குப் பருவத்தில் சுமத்ரா பக்கமிருந்து ஒரு புயல்வரிசை கிளம்பி, நாம் அசந்து தூங்கும் விடியற்காலையில் வந்து இறங்கும். ராத்திரி வெளியே விட்ட துணி மறுபடி துவைத்த துணிதான், அதுவும் கம்பில் மிச்சமிருந்தால். சட்டையைக் கம்பின்மேல் சும்மா போடாமல் இரண்டு கைக்குள்ளும் கம்பை விட்டுக் கோத்து, ஓரத்தில் கிளிப் போட்டால் கீழ்வீட்டு ஆன்ட்டியிடம் போய் அசடு வழிய வேண்டியதில்லை.

டிசம்பர், ஜனவரியில் சில நாள் வானம் மூடி விடாமல் பெய்யும்போது வெப்பம் 22, 23க்கு இறங்கும். ஊரே அதைக் கொண்டாடும். (1934 ஜனவரியில் 19.4 வரை போயிருக்கிறது.) தோசை மாவுக்கு மட்டும் கொண்டாட்டமில்லை. வழக்கமாக எட்டு மணி நேரத்தில் பாத்திரத்தை விட்டு வெளியே வரும் மாவு, அந்த வாரம் பன்னிரண்டு மணி நேரம் ஆனாலும் அசையாது. முன்னாலேயே, சாயங்காலம் ஐந்துக்கே அரைத்து வைத்துவிடுங்கள்.

மற்றபடி சிங்கப்பூரின் நிரந்தரக் குளிர்காலம் நூலகத்திலும் அலுவலகத்திலும் எம்ஆர்டி ரயிலிலும் இருக்கிறது. உள்ளே 22, வெளியே 32. வெளிக்காற்று 24 டிகிரி வாக்கில் குளிர்ந்தாலே பனியாகப் படிந்துவிடும். அதனால்தான் வெளியே வந்ததும், உள்ளே குளிர்ந்துபோன மூக்குக்கண்ணாடி வெள்ளையாகிவிடுகிறது. துடைத்தால் மறுபடி படியும். ஒரு நிமிஷம் குருடராக நின்றால் தானே தெளியும்.

வீட்டு ஏசியிலும் இதே கதைதான். அத்தனை ஈரத்தையும் அது தண்ணீராக்கி மெல்லிய குழாய் வழியே வெளியே தள்ளுகிறது. 18இல் வைத்துவிட்டு ஜன்னலைத் திறந்து வைத்தால் சுவரே வியர்க்கும். 25இல் வைத்து மின்விசிறியைப் போட்டால் போதும். படுக்கையில் சொட்டுகிறதா? பெரும்பாலும் அந்தக் குழாயில் பாசி அடைத்திருக்கும். ஏசிக்காரர் வந்ததும் கேஸ் குறைந்திருக்கிறது என்றுதான் ஆரம்பிப்பார். முதலில் குழாயை உறிஞ்சி எடுக்கச் சொல்லுங்கள், கேஸைப் பிறகு பேசிக்கொள்ளலாம்.