டிரைவ் ஷாஃப்டைக் கடைசியில் அளவெடுங்கள்

என்னிடம் இருப்பது டிஜே வரிசை ஜீப் ராங்ளர்; 1997 முதல் 2006 வரையிலான மாடல்களில் ஒன்று. அதன் பின்பக்கத்து டேனா 35 ஆக்சிலை எடுத்துவிட்டு, ஃபோர்டு எக்ஸ்ப்ளோரரிலிருந்து கழற்றிய 8.8 அங்குல ஆக்சிலைப் போட்டிருக்கிறேன். அமெரிக்காவில் இந்த வண்டி வைத்திருப்பவர்களிடையே இது பழகிப்போன மாற்றம்தான். 1995 முதல் 2001 வரையிலான எக்ஸ்ப்ளோரர் ஆக்சிலில் டிஸ்க் பிரேக் இருக்கிறது, சக்கரத்தைச் சுழற்றும் 27 பல் ஷாஃப்டுக்குப் பதிலாக 31 பல் ஷாஃப்ட் இருக்கிறது, சக்கர போல்ட்டுகளின் அமைப்பும் ஜீப்போடு அப்படியே பொருந்துகிறது. காயலான் கடையில் மலிவாகவும் கிடைக்கிறது. வண்டியை 4 அங்குலம் உயர்த்தி, 33 அங்குல டயர்களையும் 4.56 விகிதக் கிரவுன் பினியனையும் போட்ட பிறகு எஞ்சியிருந்த வேலை, சுழற்சியை ஆக்சிலுக்குக் கொண்டுபோகும் குழாயான டிரைவ் ஷாஃப்ட் ஒன்றுதான். ஆக்சிலுக்குக் கொடுத்த விலையைவிட இந்தக் குழாய்க்குக் கூடுதலாகக் கொடுக்க நேரும் என்பதைப் பலர் பட்ஜெட் போடும்போது மறந்துவிடுகிறார்கள்.

ஷாஃப்டின் முனையில் வளைந்து கொடுக்கும் மூட்டான யூ-ஜாயின்ட் வளைந்த நிலையில் சுழலும்போது, ஒரு பக்கம் சீராக நுழையும் சுழற்சி மறுபக்கம் சீராக வெளிவருவதில்லை. ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு முறை முந்துகிறது, இரண்டு முறை பிந்துகிறது. வளைவு 10 டிகிரியாக இருந்தால் இந்த ஏற்ற இறக்கம் ஏறத்தாழ 1.5 சதவீதம், 20 டிகிரியில் அது 6 சதவீதத்தைத் தாண்டிவிடும். ஷாஃப்டின் மறுமுனை ஜாயின்ட்டும் அதே அளவு வளைந்து, இரு முனை யோக்குகளும் (ஜாயின்ட்டைப் பிடிக்கும் கவைகள்) ஒரே நேர்கோட்டில் இருந்தால், முதல் ஜாயின்ட் செய்ததை இரண்டாவது சரிசெய்துவிடும். தொழிற்சாலையிலிருந்து வந்த டிஜேயின் பின்பக்க ஷாஃப்ட் இந்தக் கணக்கில்தான் ஓடுகிறது: டிரான்ஸ்ஃபர் கேஸின் (சக்தியை முன், பின் ஆக்சில்களுக்குப் பிரிக்கும் பெட்டி) அச்சும் பினியனின் (ஷாஃப்ட் திருப்பும், ஆக்சிலின் சிறு பல்சக்கரம்) அச்சும் ஒன்றுக்கொன்று இணையாக இருக்கும். ஆனால் 93.4 அங்குல வீல்பேஸ் உள்ள இந்தக் குட்டை வண்டியில் பின் ஷாஃப்டும் குட்டையானது. வண்டியை 4 அங்குலம் உயர்த்தினால் இரு முனைகளிலும் கோணம் அதிகமாகி, அச்சுகள் இணையாகவே இருந்தும் அதிர்வு தொடங்கிவிடும்.

டிரான்ஸ்ஃபர் கேஸைத் தாங்கும் தகட்டை ஓர் அங்குலம் இறக்கிக் கோணத்தைக் குறைப்பது இதற்குச் சொல்லப்படும் மலிவான வழி. தரையிலிருந்து வயிற்றை உயர்த்தத்தானே அத்தனை செலவு செய்தோம். அதில் ஓர் அங்குலத்தைத் திருப்பிக் கொடுப்பது எனக்கு ஒப்பவில்லை. சரியான வழி, என்.பி. 231 டிரான்ஸ்ஃபர் கேஸின் வாலில் சறுக்கும் யோக்கை நீக்கி, நீளம் குறைந்த அச்சையும் நிலையான யோக்கையும் பொருத்தி, மேல்முனையில் இரட்டை ஜாயின்ட் (அடுத்தடுத்துச் சேர்த்த இரண்டு யூ-ஜாயின்ட்) உள்ள ஷாஃப்டைப் போடுவதுதான். வால் குறுகுவதால் ஷாஃப்ட் நீளமாகிறது. ஷாஃப்ட் நீண்டால் கோணம் தணிகிறது. 2003இலிருந்து வந்த ரூபிகான் மாடலில் டிரான்ஸ்ஃபர் கேஸே வேறு என்பதால், அவர்களுக்கு இந்த முதல் படி தேவையில்லை.

இரட்டை ஜாயின்ட் வந்தவுடன் பழைய விதி மாறிவிடுகிறது. மேல்முனை ஏற்ற இறக்கத்தைத் தானே சமன் செய்துகொள்வதால், கீழ்முனையில் உள்ள ஒற்றை ஜாயின்ட் ஏறக்குறைய நேராக இருக்க வேண்டும். அதாவது பினியன் இனி அந்த அச்சுக்கு இணையாக இல்லாமல், ஷாஃப்டின் போக்கிலேயே டிரான்ஸ்ஃபர் கேஸை நோக்கி நிமிர வேண்டும். ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போது பினியன் இன்னும் சற்று மேலே ஏறும் என்பதால், நிற்கும்போது அதை ஷாஃப்டின் கோட்டுக்கு ஒரு டிகிரி கீழே வைப்பது நல்லது. லீஃப் ஸ்பிரிங் வண்டியாக இருந்தால் 2 டிகிரி வரை விடலாம். ஸ்பிரிங் இருக்கைகளும், ஆக்சிலை வண்டிச் சட்டத்தோடு இணைக்கும் கன்ட்ரோல் ஆர்ம்களின் பிராக்கெட்டுகளும் ஆக்சில் குழாயில் எந்தக் கோணத்தில் பற்றவைக்கப்படுகின்றனவோ அதுவே பினியன் நிற்கும் கோணமாகிவிடும் என்பதால், முதலில் புள்ளி வெல்டு மட்டும் வைத்து, வண்டியை அதன் முழு எடையோடு நாலு சக்கரத்தில் நிறுத்தி அளந்த பிறகே முழுதாகப் பற்றவைக்க வேண்டும். நீளத்தை மாற்றிக்கொள்ளக்கூடிய மேல் கன்ட்ரோல் ஆர்ம்கள் கடைசி ஓரிரு டிகிரியைச் சரிசெய்யத்தான். பிராக்கெட்டைத் தப்பாக வைத்துவிட்டு அவற்றால் ஈடுகட்டிவிட முடியாது.

எக்ஸ்ப்ளோரர் ஆக்சிலில் பினியன் நடுவில் இல்லை, வலப்புறம் விலகியிருக்கிறது. பக்கவாட்டில் 2 அங்குலம் விலகினால், 20 அங்குல ஷாஃப்டில் அது கிட்டத்தட்ட 6 டிகிரி ஆகும். பினியனை எவ்வளவு நிமிர்த்தினாலும் இந்தப் பக்கவாட்டுக் கோணம் குறையாது. கீழ் ஜாயின்ட்டில் அது அப்படியே தங்கும். இதற்காகவே சிலர் இடப்பக்கத்து நீளக் குழாயை வெட்டி, இரு பக்கமும் வலப்பக்கத்துக் குட்டை ஷாஃப்டையே போட்டுப் பினியனை நடுவுக்குக் கொண்டுவருகிறார்கள். ஆகவே பக்கவாட்டில் இருந்து மட்டும் பார்க்காமல், வண்டிக்கு அடியில் மல்லாந்து படுத்து, மேலிருந்து பார்த்தால் ஷாஃப்ட் எப்படிப் போகும் என்பதையும் அளந்துகொள்ளுங்கள்.

8.8இன் பினியன் முனையில் வட்ட ஃபிளேஞ்ச் இருக்கிறது. அதைக் கழற்றி யோக் போடலாம். ஆனால் பினியன் நட்டைத் தளர்த்தினால், உள்ளே நசுங்கி நிற்கும் வளையமும் பேரிங்கின் இறுக்கமும் குலைந்துவிடும். ஃபிளேஞ்ச் மீதே போல்ட் செய்யும் அடாப்டர் எனக்கு நிம்மதியாகப் பட்டது. அடாப்டருக்கும் தடிமன் உண்டு என்பதால் அதை மாட்டிய பிறகே நீளத்தை அளக்க வேண்டும்.

‘4 அங்குல லிஃப்ட்டுக்கான ஷாஃப்ட்’ என்று அட்டவணை பார்த்து ஆர்டர் செய்வதை நான் ஏற்காததற்குக் காரணமே இதுதான். ஸ்பிரிங் அமர்ந்த பிறகு உள்ள உயரம், ஸ்பேர் டயர், பம்பர், நிரம்பிய டேங்க், அடாப்டரின் தடிமன், பினியனின் நிமிர்வு ஆகிய அனைத்தும் முடிவான பிறகு கிடைக்கும் அளவு ஒன்றுதான் நம் வண்டியின் அளவு. அந்த நிலையில் அளந்த பிறகு காயில் ஸ்பிரிங்குகளை எடுத்துவிட்டு, ஜாக்கியால் ஆக்சிலை மேலே பம்ப் ஸ்டாப் வரையிலும் கீழே ஷாக் அப்சார்பர் முழுதாக நீளும் வரையிலும் கொண்டுபோய், இரு எல்லைகளிலும் மீண்டும் அளக்க வேண்டும். ஒரு சக்கரம் ஏறி மறு சக்கரம் தொங்கும் நிலையையும் விட்டுவிடக் கூடாது. மேலே போகும்போது, ஷாஃப்ட் நீண்டு சுருங்க இடம் தரும் சறுக்குப் பல் அடிமுட்டக் கூடாது. கீழே இறங்கும்போது கழன்று வரும் அளவுக்கு வெளியே வரக் கூடாது.

ஷாஃப்ட் வந்து மாட்டிய பிறகும் ஆக்சிலைத் தொங்கவிட்டு, கையால் ஒரு முழுச் சுற்று சுழற்றிப் பாருங்கள். இரட்டை ஜாயின்ட்டின் காதுகள் நெருங்கும் இடத்தில் இரு இரும்புகளுக்கும் நடுவே ஒரு மெல்லிய தாள் போகிறதா என்று பார்ப்பது போதும். பெயின்ட் உரசிப் பளபளப்புத் தெரிந்தால், காதைச் சற்றுத் தேய்க்க வேண்டும் அல்லது ஆக்சில் அவ்வளவு தொங்காதபடி பட்டை கட்ட வேண்டும். ஜீப்பின் 1310 என்ற அளவு ஜாயின்ட்டை யோக்கில் பிடிக்கும் பட்டை போல்ட்டுகளுக்கு 14 அடி-பவுண்டு இறுக்கம்தான் சொல்லப்பட்டிருக்கிறது. பலம் காட்டினால் கப் நசுங்கி ஊசி பேரிங் சிக்கிக்கொள்ளும்.

பினியன் நிமிர்ந்ததால் அதன் முன் பேரிங்குக்கு எண்ணெய் எட்டுவது குறையும். எண்ணெய் ஊற்றும்போது வண்டியின் பின்பக்கத்தைச் சற்றுத் தாழ்த்தி, வழக்கத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாக நிரப்புகிறேன்.

முன் ஆக்சிலில் இந்தச் சுதந்திரம் கிடையாது. அங்கே பினியனை ஒரு டிகிரி நிமிர்த்தினால் காஸ்டர், அதாவது ஸ்டியரிங் அச்சின் பின்சாய்வு, ஒரு டிகிரி குறையும். டிஜேக்கு ஏறத்தாழ 7 டிகிரி காஸ்டர் வேண்டும். ஸ்டியரிங் நேராகத் திரும்பி வருவதா, ஷாஃப்ட் சத்தமில்லாமல் ஓடுவதா என்ற போட்டியில் நான் ஸ்டியரிங் பக்கம்தான் நிற்பேன்.

அதிர்வு எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்கக் கணக்கு உதவும். மணிக்கு 60 மைல் வேகத்தில், 33 அங்குல டயரும் 4.56 விகிதமும் இருந்தால், ஷாஃப்ட் நிமிடத்துக்குக் கிட்டத்தட்ட 2,800 சுற்று சுற்றும். சுற்றுக்கு ஒருமுறை வரும் நடுக்கம், அதாவது வினாடிக்கு 46 அதிர்வு, பேலன்ஸ் சரியில்லை என்று காட்டுகிறது. அதைப்போல இரு மடங்கில் வரும் ரீங்காரம் கோணத்தைக் குற்றம் சொல்கிறது. டயரால் வரும் ஆட்டம் வினாடிக்கு 10 அளவில் கனமாக, ஸ்டியரிங்கிலும் இருக்கையிலும் தெரியும். டிஜேயில் இரு சக்கர ஓட்டத்திலும் முன் ஷாஃப்ட் சுழன்றுகொண்டேதான் இருக்கும்; ஆகவே அதைக் கழற்றிவைத்துவிட்டு ஒருமுறை ஓட்டிப் பார்த்தால், குற்றவாளி முன்னால் இருக்கிறானா பின்னால் இருக்கிறானா என்பது அரை மணி நேரத்தில் தெரிந்துவிடும்.

இரட்டை ஜாயின்ட்டின் நடுவே ஒரு சிறு குண்டு இருக்கிறது. அதற்குக் கிரீஸ் செலுத்தும் துளை சாதாரணக் கிரீஸ் கன்னின் வாய்க்கு எட்டாது. ஊசி முனை தேவைப்படும். சேற்றிலும் ஆற்றிலும் இறங்கி வந்த வாரத்தில் மற்ற நிப்பிள்களோடு இதையும் சேர்த்துக் கவனித்தால், கீச்சொலி கேட்கும் வரை காத்திருக்க வேண்டியதில்லை.