வெளிச்சம் குறைந்ததெல்லாம் தடுப்பான் இல்லை

ஓஜிடி என்ற நொதியைத் தடுக்கும் சேர்மங்களைத் தேடுவதுதான் என் ஆய்வின் முதல் பகுதி. இதில் புதிதாக இறங்குகிறவர்களுக்கு உதவும் என்று எழுதுகிறேன்.

யூடிபி என்ற சிறு மூலக்கூறோடு இணைந்திருக்கும் என்-அசிட்டைல் குளுக்கோசமின் என்ற சர்க்கரையை எடுத்து, அதைப் புரதத்திலுள்ள செரீன் அல்லது திரியோனீன் என்ற அமினோ அமிலத்தின் மேல் ஏற்றிவிட்டு, யூடிபியை வெளியே விடுவது ஓஜிடியின் வேலை. இந்த மாதிரி நொதிகளைத் தடுத்து மருந்தாக்க முடியுமா என்று கேட்பவர்கள் உண்டு. முடியும். பூஞ்சைத் தொற்றுக்குக் கொடுக்கும் காஸ்போஃபங்கின், கௌச்சர் நோய்க்குக் கொடுக்கும் எலிகுளுஸ்டாட் இரண்டும் சர்க்கரை கடத்தும் நொதிகளைத்தான் முடக்குகின்றன.

ஓஜிடியை ஈகோலை பாக்டீரியாவில் உருவாக்கி, நிக்கல் நிரப்பிய பிரிப்புக் குழாயில் பிரித்தெடுத்தேன். அது வழக்கமான வேலை. சோதனையை அமைப்பதில்தான் நேரம் போனது. வெளிவரும் யூடிபியை ஏடிபியாக மாற்றி, ஏடிபியைக் கொண்டு ஒளிரவைக்கும் லூசிஃபெரேஸ் நொதி மூலம் வெளிச்சமாக அளக்கும் முறையைத் தேர்ந்தெடுத்தோம். ஓஜிடி முடங்கினால் வெளிச்சம் குறையும். முதல் பிளேட்டிலேயே (சிறு குழிகள் கொண்ட சோதனைத் தட்டு) ஓஜிடி சேர்க்காத குழிகளும் நன்றாக ஒளிர்ந்தன. நாங்கள் வாங்கிய சர்க்கரை-யூடிபி பாட்டிலிலேயே தனி யூடிபி கலந்திருந்ததுதான் காரணம். வினை நேர்கோட்டில் போக வேண்டுமானால் சர்க்கரை-யூடிபியில் பத்து சதவீதம் செலவாவதற்குள் நிறுத்த வேண்டும். அப்போது நொதி உண்டாக்கும் யூடிபியே கொஞ்சம்தான். பின்னணி வெளிச்சம் அதை மூழ்கடித்துவிடும். அதனால் மிகத் தூய்மையான சர்க்கரை-யூடிபிக்குச் செலவு செய்யத் தயங்காதீர்கள். அதை மாற்றிய பிறகுதான் சோதனையின் நம்பகத்தன்மையைக் காட்டும் இசட் பிரைம் மதிப்பு எங்களுக்கு 0.5ஐத் தாண்டியது.

ஒப்பீட்டுக்கு, ஹார்வர்டில் சூசான் வாக்கர் குழு 2015இல் வெளியிட்ட ஓஎஸ்எம்ஐ-1 என்ற ஓஜிடி தடுப்பானை வைத்துக்கொண்டோம். யூடிபியே ஓஜிடியை நன்றாகத் தடுக்கும்தான், ஆனால் யூடிபியை அளக்கும் சோதனையில் அதையே போட முடியாதே!

அப்புறம் 384 குழி பிளேட்டுகள். ஓரக் குழிகளில் கரைசல் ஆவியாகிப் போகும் என்பதால் சேர்மங்களை உள்பக்கமே வைத்தோம். சேர்மங்களைக் கரைக்கும் டிஎம்எஸ்ஓவின் அளவு எல்லாக் குழியிலும் ஒன்றாக இருக்க வேண்டும். வெளிச்சம் சரிந்த குழிகள் நிறையவே கிடைத்தன. அந்தப் பட்டியலை அப்படியே நம்பக்கூடாது என்பதுதான் இதில் நான் அழுத்திச் சொல்ல விரும்புவது.

ஓஜிடியை விட்டுவிட்டு, யூடிபியை நேரடியாகச் சேர்த்து, அதே சேர்மங்களை மறுபடி அளந்தோம். அப்போதும் வெளிச்சம் குறைந்தால் அது லூசிஃபெரேஸ் போன்ற அளக்கும் பகுதியைத்தான் கெடுக்கிறது; ஓஜிடியைத் தடுக்கிறது என்பதற்கு அது சான்று இல்லை. பட்டியலில் பெரும்பகுதி இங்கேயே உதிர்ந்தது. மிச்சத்தில் சில, 0.01 சதவீதம் டிரைட்டான் என்ற சோப்பு போன்ற பொருள் சேர்த்ததும் செயலிழந்தன; அவை திரண்டு நொதியை உள்ளே இழுத்துக்கொள்ளும் ரகம். டிடிடி என்ற கந்தகச் சேர்மம் சேர்த்ததும் வலுவிழந்தவை, நொதியிலுள்ள சிஸ்டீன் என்ற அமினோ அமிலத்தோடு வினைபுரியும் சந்தேகப் பேர்வழிகள். கண்ணுக்கே மஞ்சளாகத் தெரிந்த ஒரு சேர்மம் வரைபடத்தில் முதலிடத்தில் நின்றது. ஒளியை அது தானே உறிஞ்சியிருக்கலாம் என்று, சர்க்கரை ஏறிய பெப்டைடை (சிறு புரதத் துண்டு) நேரடியாக நிறை நிறமாலைமானியில் எடை பார்த்தோம். எவ்வளவு சேர்த்தாலும் சர்க்கரை ஏறிக்கொண்டேதான் இருந்தது.

இத்தனையும் தாண்டியவை விரல்விட்டு எண்ணக்கூடியவை. அவற்றை இப்போது செல்லில் போட்டு, இந்தச் சர்க்கரையை அடையாளம் காணும் ஆர்எல்2 ஆன்டிபாடியால் சர்க்கரை ஏறிய புரதங்கள் குறைகின்றனவா என்று பார்க்கிறோம். செல் சாவதை மட்டும் சான்றாக எடுத்துக்கொள்வதில்லை. வேறு எதைத் தாக்கினாலும் செல் சாகும்.