ஒரேயொரு தடவை அடிக்கும் தம்தம்

சனிக்கிழமை பின்னேரம், பாரிஸில் வாழ்ந்த இத்தாலிய இசையமைப்பாளர் கெருபீனியின் சி மைனர் ரெக்வியத்தைப் பாடி முடித்தோம். ஐந்து மாதமாகச் செவ்வாய்க்கிழமைகளில் வேலை முடிந்த கையோடு ரயில் பிடித்து ஓடிப் பழகியது. தொண்டை இன்னும் கட்டியிருக்கிறது.

ரெக்வியம் என்றால் இறந்தோருக்கான திருப்பலி இசை. மொசார்ட், வெர்டி, ஃபோரே எழுதியவற்றைப் பாரிஸில் அடிக்கடி கேட்கலாம். கெருபீனியை எங்கள் பாடகர் குழாமில் முப்பது வருடமாகப் பாடுகிறவர்களே தொட்டதில்லை. பெர் லாஷேஸ் கல்லறைத் தோட்டத்தில் இசையமைப்பாளர் ஷோபினின் கல்லறையைச் சுற்றி எப்போதும் பூவும் ஆட்களும். சில அடி தள்ளியிருக்கும் கெருபீனியிடம் நான் போன அன்று ஒருவரும் இல்லை. இத்தனைக்கும் பீத்தோவன் இந்த ரெக்வியத்தை அவ்வளவு மதித்தார். 1827இல் அவர் இறந்தபோது வியன்னாவில் அவர் நினைவாக இதைப் பாடினார்கள்.

1816இல் எழுதியது. 1793 ஜனவரி 21இல் தலை துண்டிக்கப்பட்ட பிரெஞ்சு மன்னர் பதினாறாம் லூயியின் நினைவு நாளுக்காக, செயிண்ட் டெனி பேராலயத்தில் பாட. தனிப்பாடகர் ஒருவருமே கிடையாது, முழுக்கக் குழாம்தான் பாடும். முதல் பகுதியில் வயலினும் இல்லை. வயலின்காரர்கள் வாத்தியத்தை மடியில் வைத்துக்கொண்டு பேசாமல் இருக்க, செல்லோவும் பசூன் என்ற அடிக்குரல் ஊதுகுழலும் அடியிலிருந்து மெல்ல எழும்பும். அதன்மேல் நாங்கள் முணுமுணுப்பதுபோலத் தொடங்குவோம். "ரெக்வியம் எதேர்னாம்." யாழ்ப்பாணத்தில் அம்மம்மாவின் செத்தவீட்டில் ஆயிரம் தடவை சொன்ன "நித்திய இளைப்பாற்றியை அளித்தருளும் ஆண்டவரே" இதுதான். அது பிடிபட்ட நாளிலிருந்து எனக்கு லத்தீன் அந்நியமாக இல்லை.

அப்புறம் அந்தத் தம்தம். தீர்ப்பு நாளைப் பாடும் 'தியேஸ் ஈரே'யில், பித்தளை வாத்தியங்கள் முழங்கியதும் அந்தப் பெரிய வெண்கலத் தட்டில் ஒரே ஒரு அடி. முக்கால் மணி நேர இசையில் அதற்கு வேறு வேலையில்லை. அடிப்பவர் ஓர் இளம்பிள்ளை. அடிப்பதற்கு முன் தட்டின் விளிம்பை விரல்களால் மெல்லத் தடவிக்கொண்டே நின்றாள். அடித்ததும் என் நெஞ்செலும்பு அதிர்ந்தது. அந்த ஒலி அடங்குமுன் நாங்கள் கிசுகிசுப்பாக உள்ளே வரவேண்டும், பெண்கள் முதலில், ஆண்கள் பின்னால் துரத்திக்கொண்டு. ஒத்திகையில் ஒருநாளும் சரிவராத இடம். அன்று வந்தது.

முடிவில் 'ஆன்யுஸ் தேயி', அதாவது 'இறைவனின் செம்மறியே' என்ற மன்றாட்டு, கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்து, குரல்கள் ஒரே சுரத்தில், சி-யில், போய் நிற்கும். கத்திப் பாடுவது சுகம். ஒரே சுரத்தை ஆடாமல் மெலிய வைப்பதற்குத்தான் மூச்சு வேண்டும். பக்கத்தில் நின்ற, பெண்களில் தாழ்ந்த குரலான ஆல்டோ பாடும் அக்கா என் முழங்கையைப் பிடித்துக்கொண்டே பாடினார்.

இந்த இசைக்கு நேர்ந்ததை நினைத்தால் மனம் ஆறுவதில்லை. 1834இல் இசையமைப்பாளர் போயெல்தியூவின் இறுதிச் சடங்கில் இதைப் பாடப் பாரிஸ் பேராயர் சம்மதிக்கவில்லை. காரணம், பெண் குரல்கள். கெருபீனி 1836இல் ஆண்களுக்கு மட்டுமாக டி மைனரில் இன்னொன்று எழுதினார். 1842இல் அவரை அடக்கம் செய்தபோது பாடியது அதைத்தான்.

அடுத்த வருடம் அந்த டி மைனரைப் பாடலாம் என்று ஆண்களில் அடிக்குரல் பாடும் எங்கள் பாஸ்காரர்கள் கேட்கிறார்கள். பாடட்டும். நான் முன் வரிசையில் இருந்து கேட்பேன்.