பி.ஏ. வேலையும் அவ்வையார் பள்ளியும்

தருமபுரியில், அதுவும் அவ்வையார் பெயரிலேயே இருக்கும் பள்ளியில், அவ்வை தூது போன பாடத்தைச் சும்மா நடத்திவிட முடியுமா? தொண்டைமானின் படைக்கலச் சாலையைப் பார்த்து, "உன் வேலெல்லாம் நெய் பூசி, மயிற்பீலி சூட்டி ஜோராக இருக்கிறது; எங்கள் அதியமானுடையது முனை முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கிறது" என்று புகழ்வதுபோலக் குத்துவாரே, அந்த இடத்தில் வகுப்பே சிரிக்கும். எங்கள் தமிழம்மா மட்டும் சிரிக்க மாட்டார். "இந்தப் பேச்சு ஒரே நாளில் வந்துடுமா? அதியமான் வாசலிலேயே பரிசுக்குக் காத்துக் கிடந்தவள் அவள். அரண்மனையில் யார் எப்படின்னு அங்கேதான் பார்த்திருப்பாள்" என்பார்.

ஆஸ்திரேலியாவின் அடிலெய்டுக்கு வந்தபின், இந்நாட்டு அரசியல்வாதி பென்னி வோங்கைக் கவனிக்கத் தொடங்கியபோதுதான் தமிழம்மா சொன்னது எனக்கு உறைத்தது. 1968-இல் மலேசியாவின் கோத்தா கினபாலுவில் பிறந்து, சிறுமியாக இந்த ஊருக்கு வந்தவர். இங்கே சட்டம் படித்தார், தொழிற்சங்கத்தில் வேலை பார்த்தார், 1995 வாக்கில் நியூ சவுத் வேல்ஸ் அரசுக்கு ஆலோசகராகப் போனார். கையில் வந்தது காட்டு விவகாரம். மரம் வெட்டிப் பிழைப்பவர் ஒரு பக்கம், காட்டைத் தொடாதே என்பவர் இன்னொரு பக்கம். அந்த மாதிரி வேலையில் பெயர் வெளியே வராது. ஏதாவது தப்பினால் திட்டு மட்டும் வரும். அப்புறம் 2002-இல் செனட்டர், 2007-இல் காலநிலை மாற்றம், நீர்வளத் துறை அமைச்சர். ஆசியாவில் பிறந்த ஒருவர் ஆஸ்திரேலிய கேபினெட்டில் உட்கார்ந்தது அதுதான் முதல்முறை. பிறகு நிதித்துறை, 2013-இல் கட்சிக்குத் தோல்வி, நீண்ட எதிர்க்கட்சிக் காலம். 2022 மே 23 அன்று வெளியுறவு அமைச்சராகப் பதவியேற்ற கையோடு பிரதமருடன் டோக்கியோவுக்கு விமானம் ஏறினார். அந்த வாரமே ஃபிஜி. தூது வேலைதானே!

அந்த ஆலோசகர் மாதிரி வேலைக்கு நம் ஊரில் பி.ஏ., அதாவது நேர்முக உதவியாளர், என்று பெயர். பி.ஏ. என்றால், "அண்ணன் இன்னைக்குப் பார்க்க மாட்டார்" என்று மனுவை வாங்கி வைத்துக்கொண்டு அனுப்புகிற ஆள். பெண்ணுக்கு அந்த வாசற்படி வேலைகூடச் சுலபத்தில் கிடைப்பதில்லை. உள்ளாட்சியில் பாதி இடம் பெண்களுக்கு என்று 2016-இல் சட்டம் வந்தது, சரி. வேலை கற்கும் இடத்துக்கு ஒதுக்கீடு ஏது? நேரே தலைவி நாற்காலி. ஃபைலைப் புரட்டுவதோ வீட்டுக்காரர்.

என் வகுப்புத் தோழி ஒருத்தி பென்னாகரம் பக்கம் இருக்கிறாள். 2019 தேர்தலில் ஜெயித்த ஓர் ஊராட்சித் தலைவிக்கு மனு, கடிதம், மேடைப்பேச்சு எல்லாம் எழுதிக் கொடுத்தவள். சம்பளம் கிடையாது. ஃபுளோரைடு கலந்த போர்வெல் தண்ணீருக்குப் பதில் ஒகேனக்கல் தண்ணீர் வேண்டும் என்று திங்கட்கிழமை கலெக்டர் ஆபீசில் கொடுக்கும் மனுவில், போன மனுவின் எண்ணையும் தேதியையும் முதல் வரியிலேயே போட்டுவிடுவாளாம். "இல்லேன்னா புது மனுன்னு பதிஞ்சுக்கிட்டு மறுபடி முதல்லேருந்து ஆரம்பிப்பாங்க."

சமீபத்தில் போனில் பேசும்போது, "அடுத்த தடவை நீயே நில்லேன்டி" என்றேன்.

"நிக்கலாம். எங்க வீட்டுக்காரர் பி.ஏ.வா இருக்கச் சம்மதிக்கணுமே" என்றாள்.