குளச்சலில் ஒரு பழைய சி.ஆர்.ஓ.

இரண்டு வருடத்துக்கு முன் வாங்கிய என் முதல் சி.ஆர்.ஓ. (மின் அலையைத் திரையில் கோடாக வரைந்து காட்டும் ஆசிலோஸ்கோப்) கடையில் பத்து நிமிடம் ஒழுங்காக ஓடியது. தக்கலையில் வீட்டு மேசைக்கு வந்தபின், சூடு ஏற ஏற, கோடு மெல்ல மேலே நகர்ந்து அரை மணி நேரத்தில் திரையை விட்டே போய்விட்டது. 4,000 ரூபாய். அந்த வலி இன்னும் ஆறவில்லை.

அதனால் போன ஞாயிறு குளச்சலில் ஒரு அண்ணன் விற்க வைத்திருந்த சி.ஆர்.ஓ.வைப் பார்க்க முழு ஏற்பாட்டோடு போனேன். மல்டிமீட்டர், புது 9 வோல்ட் பேட்டரி, டப்பாவில் அடைத்த 6 வோல்ட் டிரான்ஸ்ஃபார்மர், 1 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டல் ஆசிலேட்டர், அதற்கு 5 வோல்ட் கொடுக்க ஒரு பவர் பேங்க், கரண்டை ஒரு பல்பு வழியாகக் கொடுக்கும் சீரிஸ் லேம்ப் போர்டு. அண்ணன் முதலில் டிவி மெக்கானிக்; பிறகு விசைப்படகுகளில் கடலின் ஆழம் பார்க்கும் எக்கோ சவுண்டரும் வயர்லெஸ்ஸும் பார்த்தவர். கண் பார்வை குறைந்ததால் கடையை ஒதுக்குகிறார். 20 மெகாஹெர்ட்ஸ் வரை காட்டும் கருவி, இரண்டு அலைகளைச் சேர்த்துப் பார்க்க இரண்டு சேனல், 3,500 ரூபாய் சொன்னார்.

கரண்ட் கொடுக்கும் முன்பே பாதி விஷயம் தெரிந்துவிடும். திரையைச் சன்னல் வெளிச்சத்துக்குத் திருப்பிப் பார்த்தேன். நடுவில் பழுப்புக் கோடு இருந்தால், திரையில் ஒளிரும் பூச்சான பாஸ்பர் எரிந்திருக்கிறது என்று அர்த்தம். அதைச் சரிசெய்ய வழியே இல்லை. இதில் இல்லை, நிம்மதி. புரோப் வயர் மாட்டும் பி.என்.சி. சாக்கெட்டுகளில் பச்சைக் களிம்பு. கடலோரத்தில் இருந்த பொருளுக்கு அது இல்லாமல் இருந்தால்தான் ஆச்சரியம். பின்பக்க ஃபியூஸைக் கழற்றினால், கண்ணாடி ஃபியூஸின் மேல் ஒரு செம்பு இழை சுற்றியிருந்தது, ஃபியூஸ் போனாலும் கரண்ட் ஓடும்படி.

அடுத்து மல்டிமீட்டரை ஓம்ஸில் வைத்து, ஒரு முனையைப் பிளக்கின் எர்த் பின்னிலும் மறுமுனையைப் பி.என்.சி. சாக்கெட்டின் வெளி உலோக வளையத்திலும் வைத்தேன். ஒரு ஓமுக்குள் காட்ட வேண்டும். ஒன்றுமே காட்டவில்லை. எர்த் வயரை வெட்டியிருக்கிறார்கள்.

கேட்டதும் அண்ணன் மறைக்காமல் சொன்னார்: “டிவி எஸ்.எம்.பி.எஸ்.ஸுல புரோப் கிளிப்ப மாட்டினா டப்புன்னு ஃபியூஸ் போவும் மக்களே. அதுக்குத்தான் வெட்டினேன்.”

பழைய டிவி மெக்கானிக்குகள் பலர் செய்தது இது. அளக்கும் வயரான புரோப்பின் தரைக் கிளிப், பெட்டியின் உடல், பிளக்கின் எர்த் மூன்றும் ஒரே கம்பி. டிவிக்குள் இருக்கும் பவர் சப்ளையான எஸ்.எம்.பி.எஸ்.ஸின் பிரைமரி (மெயின்ஸ் பக்கம்) நெகட்டிவோ நேரடியாக மெயின்ஸோடு ஒட்டியது. இரண்டையும் இணைத்தால் ஷார்ட் ஆகத்தான் செய்யும். எர்த்தை வெட்டினால் ஷார்ட் நிற்கும். ஆனால் பெட்டி முழுக்கக் கரண்ட் ஏறி நிற்கும். அடுத்து குமிழைத் திருப்பப் போகிற கை யாருடையது என்று யோசித்தாலே எனக்கு வயிற்றைப் பிசைகிறது. வெட்ட வேண்டியது எர்த்தை இல்லை. டிவியைத்தான், மெயின்ஸோடு நேரடித் தொடர்பை அறுக்கும் ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் வழியாக ஓட்ட வேண்டும்.

என் மூன்று கம்பி வயரைத் தற்காலிகமாக மாட்டி, சரியான ஃபியூஸ் போட்டு, 100 வாட் சீரிஸ் லேம்ப் வழியாகக் கரண்ட் கொடுத்தேன். பல்பு ஒரு கணம் பளிச்சென்று எரிந்து மங்கியது, நல்ல அறிகுறி. முழு வெளிச்சத்திலேயே நின்றிருந்தால் உள்ளே ஷார்ட். (சி.ஆர்.ஓ.வே எஸ்.எம்.பி.எஸ். வகையானால் இந்தச் சோதனை குழப்பும். இது சாதாரண டிரான்ஸ்ஃபார்மர் வகை.) பிறகு லேம்பை விலக்கி நேரடியாகக் கொடுத்தேன்.

கோடு வந்தது. ஃபோக்கஸ் கூர்மை. பேட்டரி மல்டிமீட்டரில் 9.4 வோல்ட், திரையில் ஒரு கட்டத்துக்கு 2 வோல்ட் என்ற நிலையில் கோடு 4.7 கட்டம் ஏற வேண்டும், ஏறியது. சேனல் இரண்டில் நாலு கட்டம்கூட வரவில்லை. மனசு தளர்ந்துவிட்டது. அப்புறம் பார்த்தால் நடுவிலிருக்கும் சின்னக் குமிழ் ‘கேல்’ நிலையில் (அளவு சரியாகக் காட்டும் இடத்தில்) இல்லை. அதைக் கிளிக் ஆகும்வரை திருப்பியதும் 4.7. இதைப் பார்க்காமல் எத்தனை நல்ல கருவிகளை ஒதுக்கியிருப்பார்களோ.

ஒவ்வொரு குமிழையும் எல்லா நிலைக்கும் திருப்பினேன். சேனல் ஒன்றில் 0.5 வோல்ட் நிலை அழுத்திப் பிடித்தால்தான் வேலை செய்தது, களிம்புதான். டிரான்ஸ்ஃபார்மரின் 50 ஹெர்ட்ஸ் அலை, கட்டத்துக்கு 5 மில்லி செகண்டில், ஒரு சுற்றுக்குச் சரியாக நாலு கட்டம். 1 மெகாஹெர்ட்ஸ் சதுர அலையை 0.2 மைக்ரோ செகண்டில் வைத்தால் ஐந்து கட்டம். மூலைகள் மழுங்காமல் நின்றன. 20 மெகாஹெர்ட்ஸ் கருவியின் ஏறு நேரம் (கோடு கீழிருந்து மேலே தாவ எடுக்கும் நேரம்) 17.5 நானோ செகண்ட்தான், மூலை மழுங்கினால் ஆம்ப்ளிஃபயரைச் சந்தேகப்பட வேண்டும்.

பிறகு வெளிச்சத்தைக் குறைத்துவிட்டு, ஓடவிட்டபடியே, இருவரும் சாயா குடிக்கப் போனோம். அரை மணி கழித்து வந்தால் சேனல் ஒன்று வைத்த இடத்திலேயே. சேனல் இரண்டு இரண்டு கட்டம் கீழே இறங்கியிருந்தது. அண்ணனிடம் காட்டினேன். அவரே 2,200 ஆக்கினார்.

இதுவரை வீட்டில்: பிளக்கைப் பிடுங்கி ஒரு நாள் போட்டபின்தான் மூடியைத் திறந்தேன், பிக்சர் டியூபுக்கு ஆயிரக்கணக்கில் வோல்ட் போகிறது, பிளக்கைப் பிடுங்கினாலும் அது உடனே வடியாது. உள்ளே பல்லி முட்டையும் தூசியும். காண்டாக்ட் கிளீனர் அடித்ததும் 0.5 வோல்ட் நிலை சரியாகிவிட்டது. புது வயரை நிரந்தரமாகப் போட்டு அளந்தால் எர்த் 0.2 ஓம். சேனல் இரண்டின் இறக்கம் இன்னும் பிடிபடவில்லை.

இதையெல்லாம் அண்ணனுக்குப் போனில் சொன்னபோது, கடையில் இன்னும் இரண்டு கருவிகளில் எர்த் வெட்டி வைத்திருப்பதாகச் சொன்னார். அடுத்த ஞாயிறு மூன்று கம்பி வயரோடு திரும்பக் குளச்சல் போகிறேன்.