வியாழக்கெழம வரைக்கும்

ஆகஸ்ட் 16, சனி

அப்பாக்கு இன்னைக்கு டயாலிசிஸ், நாலு மணி நேரம். முடிஞ்சு வெளிய வந்ததும் போன். மொத கேள்வியே கோயில் விமானத்துக்கு வர்ணம் அடிச்சு முடிச்சாச்சான்னுதான். ரெண்டாவது, "28ஆந்தேதி வியாழக்கெழமையில்லா?" ஆமாப்பான்னேன். அப்புறம் அந்தப் பக்கம் பேச்சே இல்ல. அன்னைக்குத்தான் கோயில் கும்பாபிஷேகம், முகூர்த்தம் 9லருந்து 10.30. அப்பாவோட நேரம் 7லருந்து 11. அம்மா அங்க கேட்டுப் பாத்துட்டாங்க, அன்னைக்கு வேற நேரம் கிடையாதாம்.

போன்லயே காட்டிருதேம்பான்னு சொல்லிட்டேன். யோசிக்கல, வாய்ல வந்துட்டு.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

வாட்ஸப் வீடியோ கால்ல காட்டிருவோம்க்கான்னு சித்தப்பா மவன் சொல்றான். ஆனா தம்பி துபாய்ல, அத்தை பம்பாய்ல, அவங்களும் பாக்கணும், ஒன்றரை மணி நேரம் கால் அந்துராம நிக்குமான்னும் தெரியல. யூடியூப்தான் சரி. அந்த ஆப்லருந்து நேரா லைவ் போக 50 சப்ஸ்கிரைபர் இருக்கணும், என் சேனல்ல 11 பேர். ஊர்ல ஒவ்வொருத்தர் போனா வாங்கி அமுக்கிடலாம்னுதான் நெனச்சேன். அப்புறம் பாத்தா வேற லைவ் ஆப் ஒண்ண போட்டு அதுல ஸ்ட்ரீம் கீ-ய (யூடியூப் நம்ம லைவுக்குன்னு குடுக்குற ரகசியக் குறி) ஒட்டிட்டா 50 பேர் தேவையே இல்ல. நம்பர் வெரிபை பண்ணி, மொத தடவ லைவ் திறக்க 24 மணி நேரம் வரைக்கும் ஆகும். நல்லவேள இன்னைக்கே அமுக்கினேன், 27ஆந்தேதி ராத்திரி அமுக்கியிருந்தா என்ன ஆகியிருக்கும்.

ஆகஸ்ட் 18

லைவ் திறந்துட்டு.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

அப்பா பாத்துட்டு இருக்கும்போதே சும்மா பத்து நிமிஷம் சோதனை. சாரம், விமானம், இசக்கி பீடம், எல்லாத்தையும் காட்டினேன். இடது கைய அசைக்கக் கூடாது, வலது கையில போன். அங்க மிஷின் கீக் கீக்குங்குறது அம்மா போன் வழியா எனக்குக் கேக்குது. "கைய காட்டு பாப்போம்"னாங்க. போனுக்கு முன்னால கைய ஆட்டினேன். ஒண்ணும் சொல்லல. நான் கைய எறக்கி, சித்தப்பாட்ட ஏதோ பேசி, திரும்பினதுக்குப் பெறகு, "ஆங், இப்ப ஆட்டுத"ங்காங்க.

"அப்ப இது இப்ப நடக்கது இல்லியா?"

இப்ப நடக்கதுதாம்பா, கொஞ்சம் பிந்தி வரும்னேன். "எவ்வளவு பிந்தி?" எண்ணிப் பாத்தா 25 செகண்டு. அவ்வளவுதானேன்னு நமக்குத் தோணும். அப்பாக்கு அப்படி இல்ல. கலசத்துல தண்ணி விழுத அந்த நேரம் கும்பிடணும், விழுந்து முடிச்சப் பெறகு கும்பிட்டு என்னத்துக்குங்காங்க. பன்னெண்டு வருஷத்துக்கு முன்னாடி கும்பாபிஷேகத்துக்கு சாரத்துல நின்னு கடம் வாங்கிக் குடுத்தவங்க. அந்தத் தண்ணி அவங்க சட்டைல விழுந்துச்சு, நான் பாத்தேன்.

இந்த 25 செகண்டை என்ன செய்ய.

அதே நாள், ராத்திரி

செட்டிங்ல மூணு விதம் இருக்கு. சாதாரணமா விட்டா இப்படித்தான் அர நிமிஷம் கிட்ட பிந்தும். லோ லேட்டன்சி வச்சா 10 செகண்டுக்குள்ள. அல்ட்ரா லோ வச்சா 5 செகண்டுக்குள்ள. ஆனா கொறைக்கக் கொறைக்க பாக்குறவங்க போன்ல சேத்து வைக்கிற கையிருப்பு கொறையும், இங்க சிக்னல் லேசா தடுக்குனாலும் அங்க வட்டம் சுத்தும். அல்ட்ரா லோ போட்டு என்னோட இன்னொரு போன்ல பாத்தேன். அஞ்சு நிமிஷத்துல ஏழு தடவ வட்டம்.

ஆகஸ்ட் 20, புதன்

ஸ்பீடு பாத்துப் பாத்து எழுதி வச்சிருக்கேன். காலைல 5 மணி: இறங்குறது (டவுன்லோடு) 38, ஏறுறது (அப்லோடு) 11 எம்பிபிஎஸ். மதியம் ஏறுறது 3. சாயங்காலம் 7 மணி, இறங்குறது 14, ஏறுறது 0.8. சித்தப்பா மவன் போன்ல வீடியோ ஓட்டிக் காட்டி "நல்லாத்தானக்கா எடுக்கு"ங்கான். அதுதான் எல்லாரும் ஏமாறுற இடம். பாக்குறதுக்கு இறங்கினா போதும், லைவுக்கு ஏறணும். டவர் பெரிய ஒலிபெருக்கி மாதிரி கத்துது, போன் பேசறது டவருக்கு கிசுகிசுப்பாத்தான் கேக்கும், ஊரே ஒண்ணா கிசுகிசுத்தா அதுவும் கேக்காது. 720பி-க்கு 2.5 எம்பிபிஎஸ்ஸாவது விடாம ஏறணும், கூட கொஞ்சம் கையில இருக்கணும். இன்னைக்கு கோயில்ல முப்பது பேர்தான். 28ஆந்தேதி பம்பாய், மெட்ராஸ்னு மொத்த வகையறாவும் வந்து நிக்கும், எல்லார் கையிலயும் போன்.

அந்த 2.5ல மணிக்கு 1 ஜிபிக்கு மேல போகுது. என் பேக் ஒரு நாளைக்கு 2 ஜிபி, தீந்தா 64 கேபிபிஎஸ், அதுல லைவ் படம் போகவே போகாது. தனி டேட்டா பேக் போடணும், மறக்கக் கூடாது.

ஆகஸ்ட் 21, வியாழன்

இன்னைக்கும் அப்பா பாத்துட்டு இருந்தாங்க. நடுவுல ரெண்டாவது சிம்ல கால், யாரோ லோன் வேணுமான்னு. கால் அந்த சிம்ல, டேட்டா இந்த சிம்ல, ஆனா போனுக்கு ஒரு நேரத்துல ஒரு சிம்தான் பேச வரும்போல, அந்த சிம் மணி அடிச்சதும் இந்த சிம்மோட நெட்டு செத்துட்டு. லைவும் அந்துட்டு. டூ நாட் டிஸ்டர்ப்ல போட்டுதான் வச்சிருந்தேன். அது மணிய மட்டும்தான் அமுக்குது, கால் உள்ள வரத்தான் செய்யுது.

ஃபிளைட் மோடு போட்டு வைஃபைய மட்டும் திறந்து விடுறதுதான் நல்ல வழி. அப்ப நெட்டு வேற எடத்துலருந்து வரணும்.

வெயிட்டு இன்னைக்கு 2 கிலோ 800 ஏறியிருக்காம். தண்ணிய இன்னும் கொறைக்கச் சொல்லிட்டாங்க.

ஆகஸ்ட் 22, வெள்ளி

பத்தரை மணி வெயில்ல இருபதே நிமிஷம். போன் கொதிக்குது, ஸ்கிரீன் தானா மங்கி, படம் திக்கித் திக்கி, கடைசியில ஆப் மூடிட்டு. தண்ணி குடிக்க கீழ இறங்கிட்டு வந்தா சித்தப்பா அதத் தூக்கி ஃபிரிட்ஜுக்குள்ள வச்சிருக்காங்க. கத்திட்டேன். சூடா இருக்குறத டக்குனு குளிர வச்சா உள்ள ஈரம் கோக்கும், அப்புறம் போனே இல்ல. சித்தப்பா மொகம் வாடிட்டு. சாயங்காலம் போயி மன்னிப்பு கேட்டேன்.

உறைய கழட்டணும். வெளிச்சத்த பாதிக்குக் கீழ வைக்கணும். குடை கட்டாயம். ஒரு பக்கம் லைவ், ஒரு பக்கம் வேக சார்ஜர், அதுதான் பாதி சூட்டுக்கு காரணம். முன்னாடியே 100 ஏத்திட்டு, பழைய மெல்ல ஏத்துற சார்ஜர மாட்டினேன், ஏறவும் இல்ல, இறங்கவும் இல்ல, அப்படியே நின்னுச்சு. அது போதும்.

ஆகஸ்ட் 23, சனி

அம்மாட்ட லிங்க் ஒண்ணுதான் இருக்கு. வாட்ஸப்ல மேல பின் பண்ணி வச்சிருக்கேன். அது மாறக் கூடாது. மாறினா அம்மாவால தேட முடியாது, அப்பாவுக்கு ஒரு கைதான், பக்கத்துல இருக்குற நர்ஸ் பிள்ளைகளுக்கு அவங்கவங்க வேல. அந்துட்டு திரும்ப லைவ் போட்டா புது லிங்க் வந்துருமோன்னு ரெண்டு நாளா அதே நெனப்பு.

இன்னைக்கு கண்டுபிடிச்சேன். லைவ முன்கூட்டியே ஷெடியூல் பண்ணிட்டா லிங்க் இப்பவே கெடச்சிரும். ஆட்டோ ஸ்டாப்னு ஒரு பட்டன், அத அணைச்சு வைக்கணும். அணைக்கலன்னா இங்க நெட்டு போனதும் லைவ் முடிஞ்சுதுன்னு கடைய மூடிரும். அணைச்சிருந்தா மறுபடி அதே கீ-ல வந்து சேந்துக்கிடலாம், அதே லிங்க். சோதிச்சுப் பாக்க மூணு தடவ வேணும்னே வைஃபைய அணைச்சேன். மூணு தடவையும் அம்மா போன்ல அதுவா திரும்ப வந்துச்சு. "நான் ஒண்ணும் தொடலட்டி"ன்னு அம்மா சத்தியம் பண்றாங்க. எனக்கு கண்ணு நெறஞ்சிட்டு.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

கோயிலுக்கு கெழக்க டீச்சர் வீட்ல ஃபைபர் இருக்கு. கேட்டதும் சரின்னுட்டாங்க. கேபிள்கார அண்ணன் வந்து பாத்துட்டு, லேன் வயர் நூறு மீட்டர் வரைக்கும் தாங்கும், இது எம்பதுதான் வரும்னு சொல்லி, வேப்பமரத்துல ஒரு கட்டு, பந்தக்கால்ல ஒரு கட்டுன்னு இழுத்து எதுத்த வீட்டு மொட்டமாடில ரவுட்டர வச்சுக் குடுத்துட்டாங்க. காசு வாங்க மாட்டேன்னுட்டாங்க. "அண்ணாச்சி பாக்கணும்லா"ன்னாங்க.

ஏறுறது 40. சாயங்காலமும் 40. அடுத்தடுத்து அஞ்சு தடவ பாத்தேன்.

கரண்ட் போனா? டீச்சர் வீட்டு டப்பாவும் சாகும், இங்க ரவுட்டரும் சாகும். ரவுட்டருக்குன்னே சின்ன யூபிஎஸ் இருக்காம். ரெண்டு வாங்கணும், ஒண்ணு பத்தாது.

ஆகஸ்ட் 25, திங்கள்

காத்து. ஆரல்வாய்மொழி கணவாய் வழியா வர்ற காத்து, ஆவணியிலயும் விடல, காத்தாலை எல்லாம் ஓயாம சுத்துது. லைவ கேட்டா மேளம் எங்கயோ கெணத்துக்குள்ள, மேல புஸ்ஸு புஸ்ஸுன்னு காத்து மட்டும். மைக்குல இருந்த ஸ்பான்ஜ் உறை பத்தல. பாப்பாவோட பழைய கரடி பொம்ம முதுகுல நீட்ட ரோமம், அத ஒரு சாண் வெட்டி, உள்பக்கமா மடிச்சு, பை மாதிரி தச்சு மைக்குக்கு மாட்டினேன். ரோமம் காத்த ஒடச்சு ஒடச்சு விடுது, புஸ்ஸு பாதிக்கு மேல போயிட்டு. தவிலுக்கு மட்டும் சத்தம் கிழியுது, மைக்க அந்தப் பக்கம் பாக்காம திருப்பி வச்சதும் சரியாச்சு.

ஸ்டாண்டு ஆடாம இருக்க அடியில மணல் பை.

ஆகஸ்ட் 26, செவ்வாய்

மொத கால பூஜை. குழாய் ரேடியோவுல பாட்டு போட்டுட்டே இருக்காங்க. ரெக்கார்டு பாட்டு லைவுல விழுந்தா காப்பிரைட்டுன்னு படத்த நிறுத்திரும். செட்டுக்கார தம்பிட்ட சொல்லி 28ஆந்தேதி 8.30க்கு மேல மேளம், மந்திரம், மட்டும்தான்னு கேட்டு வாங்கியாச்சு.

வானம் பளிச்சுனு இருந்தா விமானம் கறுப்பா விழுது. விமானத்து மேல விரல அழுத்திப் பிடிச்சு வெளிச்சத்த பூட்டிரணும். போன படுக்க வச்சிட்டுதான் லைவ தொடங்கணும், தொடங்கினப் பெறகு திருப்பினா பிரயோஜனம் இல்ல.

லோ லேட்டன்சின்னு முடிவு பண்ணிட்டேன். அல்ட்ரா வேண்டாம். 8 செகண்டு பிந்துது. அப்பாட்ட சொல்லல.

ஆகஸ்ட் 27, புதன்

பிள்ளையார் சதுர்த்தி. தண்ணி லாரி உள்ள வரும்போது வயர இழுத்துட்டுப் போயிட்டு. ராத்திரி 10.40.

அதே ராத்திரி, 1.15

கேபிள்கார அண்ணன் டார்ச்ச வாயில கவ்விக்கிட்டு எட்டு இழையையும் பிரிச்சு, வெள்ள-ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ள-பச்சன்னு வரிசையா அடுக்கி, கிளிப்ப அமுக்கினாங்க. மொத தடவ எரியல. வெட்டிட்டு திரும்ப. ரவுட்டர்ல பச்ச லைட்டு மினுங்கினதும் அண்ணன் டீ கேட்டாங்க. இந்த தடவ வயர் லாரி தொடாத ஒயரத்துல.

ஆகஸ்ட் 28, வியாழன், காலை 8.20

சார்ஜ் 100. ஃபிளைட் மோடு. வைஃபை. ஆட்டோ ஸ்டாப் அணைஞ்சிருக்கு, நாலு தடவ பாத்துட்டேன். குடை. கரடி ரோமம். பாக்குறவங்க 3. அதுல ஒண்ணு அம்மா.

ராத்திரி

ஒரே ஒரு தடவ வட்டம், யாகசாலைலருந்து கடம் புறப்படும்போது. கலசத்துல தண்ணி விழுந்தப்ப அந்தல.

சித்தப்பா என்ட்ட ஒரு வார்த்த சொல்லாம கீழ அவங்க போன்லருந்து அம்மாவுக்கு கால் போட்டு, அப்பா காதுல வைக்கச் சொல்லியிருக்காங்க. எங்கூட்டு பொம்பளைங்க குலவ போட்டது அப்பாக்கு அந்த செகண்டே கேட்டிருக்கு. போன அம்மா அப்பா காதுல பிடிச்சிருக்காங்க, அப்பா கண்ணு இன்னொரு போன்ல. அங்க இன்னும் கடம் சாயல, பட்டரு கை ஒயரத்துல நிக்கி. எட்டு செகண்டு கழிச்சு தண்ணி விழுந்துச்சு, திரும்ப குலவ.

"ரெண்டு தடவ கும்புட்டேன்"னாங்க. ஒரு கையாலதான்.

ஆகஸ்ட் 30, சனி

தீர்த்தம் கொண்டு போனேன். டம்ளர்ல ஊத்தப் போனேன், வேண்டாம், ஸ்பூன்ல குடுன்னாங்க. வாயில கொஞ்ச நேரம் வச்சிருந்துட்டுதான் முழுங்கினாங்க. அம்மா நோட்ட எடுத்து இன்னைக்கு குடிச்ச தண்ணிக் கணக்குல 5 மில்லின்னு எழுதினாங்க.

மண்டல பூஜை 48ஆம் நாள் என்னைக்கு வருதுன்னு கேட்டாங்க. காலண்டர்ல எண்ணணும். டீச்சர் வீட்டு வயர கழட்ட வேண்டாம்னு அண்ணன்ட்ட சொல்லணும்.