ஓக் மரத்தடிக் கோயில்: கில்டேர் யாத்திரை

அயர்லாந்து என்றதும் புனித பாட்ரிக்கைத்தான் சொல்வார்கள். கில்டேருக்கு அன்னை புனித பிரிஜித். ஊரின் பெயரே அவரால் வந்தது. ஐரிஷ் மொழியில் ‘கில் டாரா’ என்றால் ஓக் மரத்துக் கோயில். ஐந்தாம் நூற்றாண்டின் இறுதியில் ஒரு பெரிய ஓக் மரத்தடியில் அவர் மடம் அமைத்தார் என்பது மரபு. மரம் போய்விட்டது, பெயர் நிலைத்துவிட்டது.

மடத்துக்கு நிலம் கேட்டபோது லெய்ன்ஸ்டர் அரசன் கைவிரித்தான். "என் போர்வை மூடும் அளவு போதும்" என்றார் பிரிஜித். அதற்கென்ன, சரி என்றான் அரசன். நான்கு பெண்கள் நான்கு முனைகளைப் பிடித்துக்கொண்டு திசைக்கு ஒருவராக ஓட, போர்வை விரிந்துகொண்டே போய் கர்ரா சமவெளி முழுவதையும் மூடிவிட்டதாம். மூவடி மண் கேட்ட வாமனன் நினைவுக்கு வராமல் இருப்பானா? ஏறக்குறைய 5,000 ஏக்கர் புல்வெளி அது. இன்றும் பெரும்பகுதிக்கு வேலியில்லை. செம்மறி ஆடுகள் தம் போக்கில் மேய்கின்றன. அங்கே நின்றபோது அந்தக் கதையை அப்படியே நம்பினேன்.

கதீட்ரல் வளாகத்தில், அணையா நெருப்பு எரிந்த இடம் என்று ஒரு கல் அடித்தளத்தைக் காட்டுகிறார்கள். பத்தொன்பது கன்னியர் இரவுக்கு ஒருவராக அதைக் காத்தார்கள், இருபதாம் இரவு பிரிஜித்தே காத்தார் என்று 12ஆம் நூற்றாண்டில் ஜெரால்ட் ஆஃப் வேல்ஸ் எழுதிவைத்தார். பின்னர் அணைந்த அந்தச் சுடரை 1993இல் பிரிஜித் சபைக் கன்னியர் மீண்டும் ஏற்றினார்கள்.

என் மனம் முழுதாக ஒடுங்கியது டல்லியில் உள்ள புனித ஊற்றில்தான். பிரிஜித்தின் வெண்கலச் சிலை ஒரு பக்கம். ‘பிரிஜித்தின் காலணிகள்’ என்று அழைக்கப்படும் இரண்டு துளைக் கற்கள் வழியே தண்ணீர் ஓடுகிறது. அங்கிருந்து வரிசையாக ஐந்து ஜெபக் கற்கள்; ஒவ்வொன்றிலும் நின்று ஜெபித்துக்கொண்டே ஊற்றுக்குப் போகவேண்டும். பக்கத்து மரக்கிளைகளில் நேர்ந்துகொண்டு கட்டிய துணிகள்: கிழித்த கைக்குட்டை, ரிப்பன், ஒரு குழந்தையின் காலுறை. அந்தக் காலுறையைப் பார்த்ததும் என் வேண்டுதல் மறந்துபோய், அந்தக் குழந்தைக்காகத்தான் வேண்டிக்கொண்டேன்.

பிப்ரவரி 1 அன்னையின் திருநாள். நாணல் புல்லில் சிலுவை பின்னி வீட்டில் மாட்டுவார்கள். 2023 முதல் அவர் பெயரில் நாடெங்கும் பொது விடுமுறையும் உண்டு. அப்புறம், கில்டேர் போகிறவர்கள் கதீட்ரலோடு திரும்பிவிடாதீர்கள். ஊரிலிருந்து டல்லி ஊற்று நடக்கிற தூரம்தான்.